கணவருக்குக் கொரோனா, நாய்க்குக் காய்ச்சல்: அன்று நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்?

வாசகர் கேள்விக்குக் கால்நடை மருத்துவரின் பதில்

சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியை. கணவர், மகள், மாமனார் என்று நால்வர் கொண்ட குடும்பம். 2021 மே மாத இறுதியில் அவர்கள் வளர்த்த பெண் நாய் இறந்துபோனது. லேப்ரடாரும் நாட்டு நாயும் கலந்தது, ஏழு வயது, 25 கிலோ எடை, கருத்தடை செய்யப்படாதது. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது கணவருக்குத் தொற்று உறுதியானது. வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். வீட்டில் இருந்த யாரும் படி இறங்க முடியவில்லை. அந்த வாரத்தில் நாய் சோற்றைத் தொடவில்லை. தண்ணீரை மட்டும் வைக்க வைக்கக் குடித்தது. உடம்பு சுட்டது. வாலுக்கடியில் ஓயாமல் நக்கிக்கொண்டே இருந்தது. பங்குனியில் அது பருவத்துக்கு வந்திருந்தது. உள்ளூர் மாட்டாஸ்பத்திரி மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தார்கள். தான் வீட்டுக்கு வர இயலாது என்று சொன்ன அவர், ஆன்டிபயாடிக் மாத்திரையின் பெயரைச் சொல்லி, இரண்டு நாளில் தேறாவிட்டால் கொண்டு வரச் சொன்னார். நாய்க்கு அடியில் கசிவு இருந்ததை ஓர் ஆண் மருத்துவரிடம் சொல்ல வாசகிக்குக் கூச்சம், அவரும் கேட்கவில்லை. மாமனார், வீட்டிலிருந்த பாராசிட்டமால் 650 மாத்திரை ஒன்றை வெல்லத்தில் பொதிந்து நாயின் வாயில் போட்டார். மூன்றாம் நாள் வயிறு உப்பியது. தனியே வசிக்கும் கொழுந்தனார் ஒரு வேனில் மதுரைக்குக் கொண்டு கிளம்பினார். மாவட்ட எல்லைச் சோதனைச் சாவடியில், "மனிதர்களுக்கே படுக்கை இல்லை, நாய்க்கு மதுரையா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிரவே நாய் போய்விட்டது. பக்கத்து வீட்டார் அதைக் கொரோனா நாய் என்று சொல்லி, குழியில் பிளீச்சிங் பவுடர் கொட்டிப் புதைக்க வைத்தார்கள்.

இப்போது மகள் ஒரு நாய்க்குட்டி கேட்கிறாள். வாசகிக்கு மனம் ஒப்பவில்லை. கணவரிடமிருந்து நாய்க்குத் தொற்றியதா, மாத்திரை கொன்றதா, வராத மருத்துவர் மீதும் மறித்த காவலர் மீதும் புகார் செய்ய முடியுமா, தடுப்பூசிப் பட்டியலில் கொரோனா என்று இருந்தும் ஏன் காப்பாற்றவில்லை, மீண்டும் ஒரு பெருந்தொற்று வந்தால் இன்னொரு உயிரும் இப்படித்தான் போகுமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பருவம், தண்ணீர், கசிவு ஆகிய மூன்றையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். பருவம் முடிந்து நான்கு முதல் எட்டு வாரத்துக்குள், கருத்தடை செய்யாத நடுவயதுப் பெண் நாய் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தண்ணீராகக் குடித்தால் எந்தக் கால்நடை மருத்துவரும் முதலில் சந்தேகிப்பது பயோமெட்ரா, அதாவது கருப்பையில் சீழ் கட்டுதல். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் இல்லாமல் உறுதியாகச் சொல்ல மருத்துவனுக்கு உரிமையில்லை. ஆனால் மூன்றாம் நாள் வயிறு உப்பியதையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் பெரிய ஐயம் எதுவும் இல்லை.

பருவத்துக்குப் பின் சுரக்கும் புரொஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கிறது. உள்ளே திரவம் தேங்குகிறது. பருவ நாட்களில் திறந்திருந்த கருப்பை வாய் வழியாக ஏறிய கிருமி, பெரும்பாலும் ஈ.கோலை, அங்கே பெருகுகிறது. அதன் நச்சு சிறுநீரகத்தைத் தாக்குவதால் சிறுநீரைச் சுண்ட வைக்கும் திறன் போய்விடுகிறது. நாய் நிறையச் சிறுநீர் கழிக்கிறது, அந்த இழப்பை ஈடுகட்டத்தான் அப்படிக் குடிக்கிறது. கருப்பை வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே வடியும். மூடிக்கொண்டால் உள்ளேயே நிரம்பி வயிறு உப்பும். முதலில் கசிந்து பிறகு வயிறு வீங்கியது என்று நீங்கள் எழுதியிருப்பது, இடையில் அந்த வாய் மூடிக்கொண்டதைக் காட்டுகிறது. இதற்கு மருந்து மாத்திரை மட்டும் போதாது. நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, ஆன்டிபயாடிக் கொடுத்து, கருப்பையையும் சினைப்பைகளையும் அறுவை செய்து எடுக்க வேண்டும். உரிய நேரத்தில் எடுத்துவிட்டால் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன. முதல் இரண்டு நாளில் அறுவை மேசைக்குப் போயிருந்தால் உங்கள் நாய்க்கும் நல்ல வாய்ப்பு இருந்தது. இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மூன்றாம் நாள் வேன் கிளம்பியபோது நிலைமை வெகுவாக மோசமாகியிருக்கும். சாவடியில் விட்டிருந்தாலும் பிழைத்திருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

கொரோனாவும் இல்லை, மாத்திரையும் இல்லை

உங்கள் கணவரிடமிருந்து நாய்க்கு நோய் தொற்றி அது இறந்தது என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். நாய்க்குக் கொரோனா தொற்றவே தொற்றாது என்று சொல்ல மாட்டேன். 2020 பிப்ரவரியில் ஹாங்காங்கில், தொற்று கண்ட உரிமையாளரின் வயதான பொமரேனியன் நாயிடம் அந்த வைரஸ் கண்டறியப்பட்டது. ஆனால் நாயின் உடம்பு இந்த வைரஸுக்கு அவ்வளவாக இடம் கொடுப்பதில்லை. தொற்றிய நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு அறிகுறியே இருப்பதில்லை; சிலவற்றுக்கு லேசான தொந்தரவு. பூனை இனத்துக்குத்தான் பாதிப்பு அதிகம். நீங்கள் நாயைப் பறிகொடுத்த சில நாட்களில், 2021 ஜூன் தொடக்கத்தில், வண்டலூர் உயிரியல் பூங்காவில் சிங்கங்களுக்குத் தொற்று பரவி நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. செய்தித்தாள்களில் அது பெரிதாக வந்தபோது ஊர் ஊராக நாய்களைப் பார்த்த பார்வை மாறியது. உங்கள் பக்கத்து வீட்டாரின் பயமும் அந்தக் காலத்தின் பயம்தான். அவர்கள் மீது கோபம் வேண்டாம், ஆனால் அவர்கள் சொன்னதை உண்மை என்று சுமக்கவும் வேண்டாம்.

தடுப்பூசி விஷயத்திலும் ஒரு குழப்பம். நாய்களுக்குப் போடும் கூட்டுத் தடுப்பூசிகள் சிலவற்றின் பட்டியலில் கொரோனா என்று இருப்பது உண்மை. அது நாய்க்குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் வேறொரு வைரஸ். 2019க்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே நமக்குத் தெரிந்தது. கோவிட் வைரஸுக்கு அது தடுப்பு ஆகாது. தொற்றுக் காலத்தில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, அந்த ஊசியைத் தங்களுக்கே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். எந்த நிலையிலும் கூடாது.

உங்கள் மாமனாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்: 25 கிலோ நாய்க்கு ஒரு 650 மில்லிகிராம் பாராசிட்டமால் உயிரைப் பறிக்கும் அளவு அல்ல. அவர் நாயைக் கொல்லவில்லை. அதற்காக அந்த வழக்கம் சரியென்று ஆகிவிடாது. அதே மாத்திரையில் கால் பங்கு கூட ஒரு பூனையைக் கொல்லும். சிறிய நாய்க்கு இரண்டு மூன்று வேளை கொடுத்தால் ஈரல் கெடும். ஐபுபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் இன்னும் கொடியவை: நாயின் வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். ஊரடங்கு நாட்களில் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து நாய்க்கு வைத்தியம் பார்த்தவர்கள் ஏராளம். ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாதபோது கை எதையாவது தேடத்தான் செய்யும். எனக்கு அது புரிகிறது. ஆனால் வலி மாத்திரை மட்டும் மருத்துவர் சொல்லாமல் ஒருபோதும் வேண்டாம்.

மருத்துவர் வராததைப் பற்றி

இங்கே உங்களோடு சற்று மாறுபடுகிறேன். அவர் வீட்டுக்கு வராததைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். தொற்று உறுதியான வீட்டுக்குள் நுழைந்து ஒரு நாயைப் பிடித்துப் பரிசோதிக்க வேண்டுமானால் உரிமையாளர் பக்கத்தில் நின்று வாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முகத்துக்கு முகம் ஓரடி தூரம்தான் இருக்கும். அப்படி வந்தாலும் ஸ்கேனும் மயக்க மருந்தும் இல்லாமல் அவரால் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது. கிராமப்புறக் கால்நடை மருந்தகம் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிக்காக அமைந்தது. நாயையும் பார்ப்பார்கள், ஆனால் வயிற்றைத் திறக்கும் அறுவைக்கு வேண்டிய வசதி எல்லா இடத்திலும் இருப்பதில்லை.

அவர் தொலைபேசியில் கேட்காமல் விட்ட கேள்விதான் என்னை உறுத்துகிறது. ஏழு வயது, பெண் நாய், சாப்பிடவில்லை, நிறையக் குடிக்கிறது என்று கேட்டதும் "கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது? அடியில் கசிவு உண்டா?" என்று கேட்டிருக்க வேண்டும். கூச்சம் உங்களுடையது என்றால், அதைப் போக்கிக் கேட்டு வாங்கும் பொறுப்பு மருத்துவருடையது. சொல்லாமல் விட்டேனே என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியை என்னால் ஏற்க முடியவில்லை. அவசர நாளில், கணவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும் வீட்டில், எது முக்கியம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அதே சமயம், தேறாவிட்டால் கொண்டு வாருங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார், உங்களைக் கைவிட்டுவிடவில்லை. ஒரே நாளில் ஒரு பகுதி முழுவதிலிருந்தும் வந்த அழைப்புகளுக்கு நடுவில் நடந்த பேச்சு அது.

புகார் செய்ய முடியுமா என்றால், வழி இருக்கிறது. பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் தொழில் நடத்தை குறித்து மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்திடம் முறையிடலாம். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின்கீழ் அமைந்தது அது. கட்டணம் வாங்கும் தனியார் மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருந்தகத்துக்கு அந்த வழி பொதுவாகப் பொருந்தாது. மேலும் நுகர்வோர் புகாருக்குக் காலக்கெடு இரண்டு ஆண்டுகள். 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான நாட்களை உச்ச நீதிமன்றம் காலக்கெடுக் கணக்கிலிருந்து நீக்கியது. அதைச் சேர்த்துப் பார்த்தாலும் உங்கள் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. ஒரு தொலைபேசிப் பேச்சை வைத்து, எழுத்துப் பதிவும் பிரேதப் பரிசோதனையும் இல்லாமல், கவனக்குறைவை நிறுவுவது கடினம். நான் வழக்கறிஞன் அல்லன். வழக்கறிஞரைக் கேட்டாலும் இதையே சொல்வார் என்று நினைக்கிறேன். என்னைக் கேட்டால் புகாரை விட்டுவிட்டு, நடந்ததை நாள் வாரியாக ஒரு பக்கத்தில் எழுதி அந்த மருத்துவருக்கே அனுப்புங்கள். அடுத்த பெண் நாய்க்கு அவர் அந்தக் கேள்வியைக் கேட்பார்.

சாவடியில் நடந்தது

பலரும் இன்றுவரை தவறாக நம்பிக்கொண்டிருப்பது இங்கேதான். ஊரடங்கில் நாய்க்கு வைத்தியம் தடை செய்யப்பட்டிருந்தது என்பது உண்மையல்ல. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் அடைக்கப்பட்டபோதே மத்திய உள்துறை அமைச்சகத்தின் விலக்குப் பட்டியலில் மருத்துவமனைகளோடு கால்நடை மருத்துவமனைகளும் இருந்தன. 2020 ஏப்ரல் 15ஆம் தேதி வழிகாட்டுதல் இன்னும் தெளிவாகச் சொன்னது: கால்நடை மருத்துவம் உள்ளிட்ட அவசரத் தேவைக்குத் தனியார் வாகனத்தில் போகலாம், நான்கு சக்கர வண்டியில் ஓட்டுநரைத் தவிர பின் இருக்கையில் ஒருவர், இரு சக்கர வண்டியில் ஓட்டுபவர் மட்டும். இருபத்தைந்து கிலோ நாயை ஒற்றை ஆளாக ஸ்கூட்டரில் எப்படிக் கொண்டு போவது என்ற கேள்விக்கு அந்த வரியில் பதில் இல்லை. கார் இல்லாத வீட்டு நாய்க்கு அனுமதி இருந்தும் வழி இல்லை.

2021 மே 24 முதல் தமிழ்நாட்டில் தளர்வில்லா முழு ஊரடங்கு வந்தது. மளிகைக் கடை கூட மூடப்பட்ட அந்த நாட்களிலும் மருந்தகம், நாட்டு மருந்துக் கடை, கால்நடை மருந்தகம் ஆகியவை திறந்திருக்க அனுமதி இருந்தது. மருத்துவக் காரணத்துக்காக மாவட்டத்துக்குள் போக இ-பதிவு, அதாவது பயணத்தை இணையத்தில் பதிவது, தேவைப்படவில்லை. மாவட்டம் விட்டு மாவட்டம் போனால் தேவைப்பட்டது. உங்கள் கொழுந்தனார் இ-பதிவு செய்யாமல் எல்லைக்குப் போனதால், காவலர் மறித்ததைச் சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது. முதல் ஆண்டின் இ-பாஸ் போல யாருடைய ஒப்புதலுக்கும் அதில் காத்திருக்க வேண்டியதில்லை. இணையத்தில் விவரத்தைப் பதிந்தால் போதும். அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் துயரம்.

காவலர் பேசிய பேச்சு வேறு. மருத்துவக் காரணம் என்ற சொல்லை அவர் மனிதருக்கு மட்டுமானது என்று எடுத்துக்கொண்டார். 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், மூன்றாம் பிரிவில், ஒரு விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நலத்தைக் காக்கவும் தேவையற்ற வலியைத் தடுக்கவும் நியாயமான நடவடிக்கை எல்லாம் எடுக்க வேண்டும் என்கிறது. உங்கள் கொழுந்தனார் அந்த வேனில் செய்துகொண்டிருந்தது சட்டம் அவரிடம் கேட்ட கடமை. ஊரடங்கு ஆணைகளை எழுதும்போது "மருத்துவம்" என்ற இடத்தில் எல்லாம் "கால்நடை மருத்துவம் உட்பட" என்று சேர்த்து எழுதியிருந்தால், சாவடியில் நின்ற காவலருக்கும் சங்கடம் இருந்திருக்காது. அடுத்த முறையாவது அரசு அதைச் செய்ய வேண்டும் என்று இந்தப் பதிலின் வழியாகவும் கேட்டுக்கொள்கிறேன்.

அப்படிப்பட்ட நேரத்தில் நீங்கள் தட்டக்கூடிய கதவுகள் சில உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநரும், கோட்ட அளவில் உதவி இயக்குநரும் இருக்கிறார்கள். நோயுற்ற விலங்கை மேல் சிகிச்சைக்கு அனுப்புவதாக மருத்துவர் தரும் இரண்டு வரிப் பரிந்துரைச் சீட்டு சாவடியில் வாயால் சொல்வதைவிட வலுவானது. அதைக் கைபேசியில் படமாக வாங்கிக்கொண்டாலும் சரி. 1962 என்ற இலவச எண் கால்நடை ஆம்புலன்ஸுக்கானது. அது முதன்மையாக மாடு, ஆடுகளுக்காக ஓடுவது. நாய்க்கு வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், ஆனால் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. பெரிய அறுவைக்குச் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய இடங்களின் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

தொலைபேசி வைத்தியம் எதற்கு ஆகும்?

அந்த இரண்டு ஆண்டுகளில் நாங்கள் எல்லோருமே தொலைபேசியில் வைத்தியம் பார்த்தோம். எந்த நோயாளி இன்றே வர வேண்டும், எது நாளை வரலாம், எது வரவே தேவையில்லை என்று பிரிக்க அது நன்றாக உதவியது. நோயைக் கண்டுபிடிக்க உதவியது குறைவு. வயிற்றைக் கையால் அழுத்தும்போது நாய் முனகுவதை எந்தக் கேமராவும் காட்டாது. ஆனால் வீட்டில் இருப்பவரின் கையைக் கொண்டு சிலவற்றைப் பார்க்க முடியும். குழல் விளக்கில் வேண்டாம், வாசல் வெளிச்சத்துக்கு வாருங்கள் என்பேன். மேல் உதட்டைத் தூக்கி, ஈறை விரலால் ஒரு நொடி அழுத்திவிட்டு எடுக்கச் சொல்வேன். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பானால் ரத்த ஓட்டம் பரவாயில்லை. வெளுத்தபடியே நின்றால், அல்லது ஈறு செங்கல் நிறத்தில் இருந்தால், அதன்பிறகு பேச்சில்லை. வண்டி பிடியுங்கள் என்றுதான் சொல்வேன். தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதைப் பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் மூச்சுக் கணக்கு. பெண் நாய் என்றால் வாலைத் தூக்கிக் காட்டச் சொல்வேன். கசிவு இருந்தால் பஞ்சில் ஒற்றி, அதன் நிறத்தையும் காட்டச் சொல்வேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சகோதரி. மருத்துவருக்கு அது இருமலைப் போல ஓர் அறிகுறி, அவ்வளவுதான்.

எது காத்திருக்கலாம் என்றும் பலர் கேட்டார்கள். வளர்ந்த நாயின் வருடாந்திர ஊசி சில வாரம் தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது. குடற்புழு மருந்து, காது சுத்தம், நகம் வெட்டுதல் எல்லாம் பொறுக்கும். உண்ணிக் காய்ச்சல் நாள் கணக்கில் பொறுக்காது. காய்ச்சலோடு ஈறு வெளுத்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றே காட்ட வேண்டும். மணிக்கணக்கில் கூடப் பொறுக்காதவை இவை: ஆண் நாய் முக்கியும் சிறுநீர் வராமல் நிற்பது, பெரிய நாயின் வயிறு திடீரென உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராதது, பிரசவத்தில் அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வெளிவராதது, ஐந்து நிமிடத்தைத் தாண்டும் வலிப்பு, பாம்புக்கடி, எலி மருந்து, குட்டிக்கு ரத்தத்தோடு பேதி. பயோமெட்ராவும் இந்த வரிசைதான். இவற்றில் ஒன்று என்றால், எந்த ஊரடங்கிலும், நோய்த்தொற்று இல்லாத ஒருவர் நாயோடு கிளம்பிவிட வேண்டும். வெறிநாய் என்று சந்தேகிக்கும் நாய் மனிதரைக் கடித்தாலும் அப்படியே: சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும், ஊசியைத் தவணை தவறாமல் முடிக்க வேண்டும்.

இனி ஒரு குட்டி வரலாமா?

வரலாம். உங்கள் மகளுக்குச் சம்மதம் சொல்லுங்கள். பயோமெட்ரா தொற்றுநோய் அல்ல. உங்கள் கொல்லையில் அடுத்த நாயைப் பிடிக்க எதுவும் காத்துக்கொண்டிருக்கவில்லை. பார்வோ என்ற தொற்றுநோயில் இறந்திருந்தால்தான் மண்ணில் மாதக்கணக்கில் தங்கும் வைரஸை எண்ணி யோசிக்கச் சொல்லியிருப்பேன்.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி. பிறகு மூன்று, நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை தொடர வேண்டும். இந்தத் தவணையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போட வேண்டாம். வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். பிறகு மருத்துவர் சொல்லும் தவணைப்படி. தவணை முடியும்வரை தெரு மண்ணில் விடாதீர்கள்.

பெண் குட்டி என்றால் கருத்தடை செய்துவிடுங்கள். ஒருமுறையாவது குட்டி போட்ட பிறகுதான் செய்ய வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் நாயின் உடம்புக்கு எந்த நன்மையும் இல்லை. சுவீடனில் காப்பீடு செய்யப்பட்ட நாய்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் பயோமெட்ரா வந்தது. எந்த வயதில் செய்வது என்பது நாயின் அளவைப் பொறுத்தது; உங்கள் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். ஊரடங்கு நாட்களில் இந்த அறுவைதான் அவசரமில்லை என்று எங்கும் முதலில் ஒத்திப்போடப்பட்டது. அப்போது பருவத்துக்கு வந்த எத்தனையோ நாய்கள் பிறகு சீழோடு எங்களிடம் வந்தன. நல்ல நாளிலேயே முடித்துவிட வேண்டியது இது.

அடுத்து, ஆள். நீங்கள் எல்லோரும் படுத்துவிட்டால் நாயை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று இன்றே பேசி வையுங்கள். கொழுந்தனார் அன்று தானாக வந்தார். இனி அவரே பொறுப்பாளர் என்று ஆகட்டும், குட்டியும் சின்ன வயதிலிருந்தே அவர் வீட்டில் இரவு தங்கிப் பழகட்டும். அந்நியர் கையில் கடிக்கும் நாயை எந்த நல்ல மனிதராலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முடியாது. வீட்டில் தொற்று இருக்கும்போது நாயை ஒப்படைப்பது எளிது: முகக்கவசத்தோடு கேட்டில் கட்டிவிட்டு நீங்கள் உள்ளே போய்விட வேண்டும், அவர் தன் கயிற்றை மாட்டிக்கொண்டு உங்கள் கயிற்றை விட்டுவிட்டுப் போக வேண்டும், பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். நாயின் மேல் சானிடைசரோ பிளீச்சிங் பவுடரோ வேண்டாம். தோல் வெந்துபோகும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். மருத்துவமனைக்கு முன்கூட்டியே அழைத்து, இது தொற்று உள்ள வீட்டு நாய் என்று உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். மறைத்தால் அடுத்த வீட்டாருக்கு அந்தக் கதவு அடைபடும்.

மூன்று வாரத் தீவனமும், தொடர்ந்து கொடுக்கும் மருந்து இருந்தால் ஒரு மாதத்துக்கானதும் வீட்டில் இருக்கட்டும். அறுவைச் செலவுக்கென்று மாதாமாதம் ஒரு சிறு தொகையைத் தனியே போட்டு வையுங்கள். நள்ளிரவில் வேன் வாடகைக்கும் அதுதான் கை கொடுக்கும். தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் நாயின் எடை, கடைசிப் பருவம் அல்லது கருத்தடைத் தேதி, ஒவ்வாத மருந்து, உள்ளூர் மருத்துவர், அறுவை வசதி உள்ள அருகிலுள்ள மருத்துவமனை, பொறுப்பாளர் ஆகிய விவரங்களை எழுதி, அதன் படத்தைக் கொழுந்தனாரின் கைபேசிக்கும் அனுப்பிவிடுங்கள். அந்த மருத்துவமனைக்கு ஒருமுறை சும்மாவேனும் போய், குட்டியைக் காட்டிப் பதிவு செய்துகொண்டு வாருங்கள். ஏற்கெனவே அட்டை போட்ட நாய்க்குத் தொலைபேசியில் யோசனை சொல்ல எந்த மருத்துவரும் தயங்க மாட்டார். பார்த்தே இராத நாய்க்கு மருந்து சொல்லத்தான் கை நடுங்கும்.